ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (நவம்பர் 25, 1884 - ஜூலை 24, 1943) அமெரிக்காவில் பிறந்து சென்னையில் பணியாற்றிய உடற்கல்வியாளர், விளையாட்டுப் பயிற்றுநர். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகவும் பயிற்றுநராகவும் இருந்தார். இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதற்குக் களப்பணி செய்தவர்களில் ஒருவர். வீரர்களைப் பயிற்றுவித்ததைவிட, பயிற்றுநர்களை உருவாக்கும் கல்விமுறையை இந்தியாவில் நிலைநிறுத்தியதே அவருடைய முதன்மைப் பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

பிறப்பு, கல்வி

ஹாரி குரோ பக் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹன்னா ஆற்றின் கரையில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் நவம்பர் 25, 1884 அன்று பிறந்தார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்கும் இவ்வூருக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பக் உடற்கல்வி பயின்றார். இன்று ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி என்று அறியப்படும் இந்நிறுவனம் நவீன விளையாட்டு வரலாற்றில் தனி இடம் கொண்டது. இங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கினார். குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் விளையாட ஓர் ஆட்டம் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். இங்கு படித்த வில்லியம் மார்கன் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் 1895-ல் கைப்பந்து எனும் வாலிபாலை உருவாக்கினார். கூடைப்பந்து ஆட முடியாத நடுவயதினருக்காக அவர் அதை அமைத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியின் கொள்கையை வகுத்தவர் லூதர் குலிக். உடல், அறிவு, ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்ததே மனிதன் என்பதைக் குறிக்க அவர் முக்கோணத்தை அடையாளமாக முன்வைத்தார். ஒய்.எம்.சி.ஏ.வின் சின்னத்தில் இன்றும் காணப்படுவது அந்த முக்கோணமே. உடற்பயிற்சி என்பது தசையை வளர்ப்பது மட்டுமல்ல, அது கல்வியின் ஒரு பகுதி என்னும் எண்ணம் பக்குக்கு இங்கிருந்து கிடைத்தது.

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர் மரபு

பக்கின் பணியைப் புரிந்துகொள்ள அவர் வந்த மரபை அறிவது உதவும். அடிபந்து (பேஸ்பால்), அமெரிக்கக் கால்பந்து, தடகளம் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் பெருகின. அவற்றைக் கற்றுத்தர நிரந்தரப் பயிற்றுநர் என்ற பதவி உருவானது. ஒரே கல்லூரியில் நாற்பது ஆண்டுகள் வரை பணியாற்றிய பயிற்றுநர்கள் அங்கு உண்டு. ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் இவ்வகையில் முன்னோடி. ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியில் பணியைத் தொடங்கிய அவர், 1892 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தார்.

அங்கு ஒரு பயிற்றுநரின் மதிப்பு அவர் அணி பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. உருவாக்கிய 'பிசிகல் டைரக்டர்' பதவி இதிலிருந்து வேறுபட்டது. அவர் ஓர் அணிக்கு மட்டும் பொறுப்பானவர் அல்ல. விளையாடத் தெரியாதவரையும் மைதானத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரை இன்றும் 'பிசிகல் டைரக்டர்' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயர் ஒய்.எம்.சி.ஏ. வழக்கில் வேர் கொண்டது.

பக்குக்கு முன் சென்னை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தின் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் 'டிரில்' ஆக இருந்தது. படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, கட்டளைக்கேற்ப கை கால்களை அசைக்க வைத்தனர். 'டிரில் மாஸ்டர்' என்ற சொல் அக்காலத்திலிருந்து வந்தது. அவர்களுக்குப் படைப்பயிற்சி தெரிந்திருந்தது. வளரும் குழந்தையின் உடலைப் பற்றிய கல்வி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. கிரிக்கெட், டென்னிஸ், ஹாக்கி போன்றவை மன்றங்களிலும் வசதியுள்ள சில பள்ளி, கல்லூரிகளிலும் விளையாடப்பட்டன.

இதற்கு வெளியே உள்ளூர் மரபுகள் உயிருடன் இருந்தன. சிலம்பம், மல்யுத்தம், கரலாக்கட்டை, தண்டால், பஸ்கி ஆகியவை வாத்தியார்களிடமிருந்து சீடர்களுக்குச் சென்றன. சடுகுடு, கிட்டிப்புள் போன்றவை தெருக்களிலும் களத்துமேடுகளிலும் ஆடப்பட்டன. ஆனால் இவற்றுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. ஊருக்கு ஊர் விதிகளும் மாறின.

1844-ல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் சென்னையில் 1890-ல் டேவிட் மெக்கானகியால் தொடங்கப்பட்டது. அமெரிக்க வணிகர் ஜான் வானமேக்கரின் நன்கொடையில் எஸ்பிளனேடு பகுதியில் எழுந்த அதன் செந்நிறக் கட்டடம் 1900-ல் திறக்கப்பட்டது. 1908-ல் ஜே.எச். கிரே என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பணிக்காக இந்தியா வந்தார். இந்தியாவின் தேவைக்கு அமெரிக்காவிலிருந்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது, உள்நாட்டிலேயே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்ற நிலை விரைவில் தெளிவானது.

உடற்கல்விப் பள்ளி

பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். அவர் மனைவி மேரி பக்கும் இப்பணியில் உடன் இருந்தார். 1920-ல் இருவரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். முதல் அணியில் ஐந்து மாணவர்களே இருந்தனர். இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கென்றே தொடங்கப்பட்ட முதல் நிறுவனம் இது. பின்னர் இது கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது.

1930-களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டையை ஒட்டி அடையாற்றங்கரையில் உள்ள வளாகத்துக்கு மாறியது. அப்பகுதி இன்று நந்தனம் எனப்படுகிறது. மரங்கள் அடர்ந்த இந்த வளாகத்தில் ஓட்டப்பாதைகளும் ஆடுகளங்களும் விடுதிகளும் அமைந்தன. சென்னைப் புத்தகக் காட்சி நடைபெறும் இடமாக இன்றைய வாசகர்கள் அறிந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இக்கல்லூரியுடையது.

பயிற்சி முறை

டிரில் முறைக்கும் பக் கொண்டுவந்த முறைக்கும் இடையே மூன்று அடிப்படை வேறுபாடுகள் இருந்தன.

முதலாவது, பாடத்தின் தன்மை. உடற்கல்வி ஆசிரியராக வருபவர் உடற்கூறியல், உடலியங்கியல், உடல்நலம், முதலுதவி, கற்பிக்கும் முறை ஆகியவற்றைப் படிக்க வேண்டும் என்பது புதிய முறையின் அடிப்படை. எட்டு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயது மாணவனுக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப அதை வகுக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, விளையாட்டின் இடம். டிரில் முறையில் மாணவன் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறான். விளையாட்டில் அவனே முடிவெடுக்கிறான். பந்தை யாரிடம் தருவது, எப்போது ஓடுவது, தோற்றால் எப்படி நடந்துகொள்வது என்பவற்றை ஆட்டத்தின் நடுவிலேயே கற்கிறான். குலிக்கின் முக்கோணம் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, ஆசிரியரின் பொறுப்பு. இங்கு பயின்றவர் நல்ல ஆட்டக்காரராக இருப்பது மட்டும் போதாது. மைதானத்தை அளந்து கோடு போடுவது, போட்டிகளை அட்டவணையிட்டு நடத்துவது, நடுவராக நிற்பது, நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஒரே நேரத்தில் விளையாட வைப்பது ஆகியவையும் தெரிய வேண்டும். இன்று தமிழகப் பள்ளிகளில் விளையாட்டு விழாவின்போது சுண்ணாம்புத்தூளால் ஓட்டப்பாதை வரையும் ஆசிரியர் செய்வது, இவ்வாறு ஒரு கல்வியாகத் தொகுக்கப்பட்ட வேலையையே.

விளையாட்டுகளைப் பரப்புதல்

இந்தியாவில் கைப்பந்தும் கூடைப்பந்தும் பரவியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் சென்னைக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர்கள் தாங்கள் பணியாற்றிய பள்ளி, கல்லூரிகளுக்கு இவ்விளையாட்டுகளைக் கொண்டுசென்றனர்.

பக் பிறந்து வளர்ந்த காலத்தில் அமெரிக்காவின் தேசிய விளையாட்டாகக் கருதப்பட்டது அடிபந்து. ஆயினும் தமிழகத்தில் வேரூன்றியது அடிபந்து அல்ல, கைப்பந்தே. அடிபந்துக்குப் பெரிய மைதானம் வேண்டும். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் தனித்தனித் தோல் கையுறை வேண்டும். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் விளையாட்டின் இடத்தைக் கிரிக்கெட் ஏற்கெனவே பிடித்திருந்தது. கைப்பந்துக்கு இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தில் பன்னிரண்டு பேர் ஆடலாம். விருதுநகர், தூத்துக்குடி போன்ற வறண்ட மாவட்டங்களின் கிராமங்களில்கூடக் கைப்பந்து பரவியதற்கு இந்த எளிமை முக்கியக் காரணம். இந்தியாவில் அடிபந்துக்கான தேசியக் கூட்டமைப்பு 1983-ல்தான் உருவானது.

மேலைநாட்டு விளையாட்டுகளோடு பக் நின்றுவிடவில்லை. பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் உருவாக்கிய நூல் ஒய்.எம்.சி.ஏ. பதிப்பகத்தால் வெளியிடப்பட்டு, உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாக நெடுங்காலம் பயன்பட்டது. இந்திய விளையாட்டுகளுக்கும் அதில் இடமிருந்தது. ஊருக்கு ஊர் மாறும் ஆட்டத்துக்கு அச்சிட்ட பொதுவிதி கிடைக்கும்போதுதான் இரண்டு ஊர் அணிகள் சண்டையின்றி மோத முடியும். இந்திய விளையாட்டுகள் பள்ளிப் போட்டிகளுக்குள் வர இத்தகைய தொகுப்புகள் வழி அமைத்தன. கல்லூரியின் சார்பில் 'வியாயாம்' என்னும் உடற்கல்வி இதழும் வெளிவந்தது.

ஒலிம்பிக் பணி

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவின் முயற்சியால் இந்தியாவிலிருந்து ஒரு சிறு அணி பங்கேற்றது. அடுத்த ஒலிம்பிக்குக்கு முறையான தேர்வின் மூலம் அணியை அனுப்ப விரும்பியவர்கள் மாகாணந்தோறும் தேர்வுப் போட்டிகளையும், பின் 1924-ல் அகில இந்தியப் போட்டிகளையும் நடத்தினர். அவற்றிலிருந்து எட்டு தடகள வீரர்கள் தேர்வாயினர். பக் அணியின் மேலாளராகப் பாரிஸ் சென்றார்.

நீளம் தாண்டுதல் வீரர் தலீப் சிங், நெடுந்தொலைவு ஓட்டக்காரர் பாலா சிங், மாரத்தான் ஓட்டக்காரர் ஹிங்கே, சென்னை மாகாணத்தின் தடை ஓட்டக்காரர் சி.கே. லட்சுமணன் ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். மருத்துவரான லட்சுமணன் பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவியை வகித்தார். தடகள அணிக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தத் தேர்வுமுறையே ஒரு தொடக்கமாக அமைந்தது. பல மாகாணங்களுக்கு நிலையான விளையாட்டு அமைப்புகள் தேவை என்பது தெளிவானது. பக்கும் மற்றொரு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியாளரான ஏ.ஜி. நோரனும் நாட்டின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்து மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினர். இவற்றின் அடித்தளத்தில் 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தோராப்ஜி டாட்டா தலைவராகவும் நோரன் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தன் முதல் தங்கப் பதக்கத்தை வென்றது. தேசிய விளையாட்டுப் போட்டிகளின் முன்வடிவமான இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் 1932-ல் சென்னையில் நடைபெற்றன.

மதிப்பீடு

ஒரு பயிற்றுநரை வெற்றிக் கணக்கால் அளந்தால் பக்கின் பெயரில் எழுத அதிகமில்லை. அவர் அழைத்துச் சென்ற ஒலிம்பிக் அணி பதக்கமின்றித் திரும்பியது. அவர் பங்களிப்பை அளக்க வேறு அளவுகோல் தேவை. 1920-ல் சென்னையில் ஐந்து மாணவர்களுடன் தொடங்கிய முயற்சிக்குப் பின், ஹைதராபாத்தில் 1931-லும், கல்கத்தாவிலும் லக்னோவிலும் 1932-லும், பம்பாயை அடுத்த காந்திவலியில் 1938-லும் உடற்கல்விப் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. விடுதலைக்குப் பின் 1957-ல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. உடற்கல்வி ஆசிரியர் என்பது முறையான பயிற்சி தேவைப்படும் ஒரு தொழில் என்பதை இந்திய அரசுகளும் பள்ளிகளும் ஏற்றுக்கொண்டதையே இவ்வளர்ச்சி காட்டுகிறது.

இந்த முறைக்கு மாற்றான பார்வைகளும் அக்காலத்தில் இருந்தன. அமராவதியில் 1914-ல் தொடங்கப்பட்ட அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் போன்ற அமைப்புகள் இந்திய உடற்பயிற்சி மரபுகளையே முதன்மைப்படுத்தின, அவற்றைத் தேசிய உணர்வோடு இணைத்தன. அந்தக் கோணத்தில் பார்த்தால், சென்னைக் கல்லூரி வகுத்த பாடத்தின் மையம் அமெரிக்க வார்ப்பில் அமைந்தது. சிலம்ப வாத்தியார்களின் அறிவு சான்றிதழ் பெற்ற புதிய தொழிலுக்குள் முழுமையாக இடம்பெறவில்லை. ஆனால் இரு போக்குகளும் முற்றிலும் பகைத்து நிற்கவில்லை. சடுகுடு பொதுவிதிகளுடன் கபடியாக வளர்ந்ததில் தேசிய உடற்பயிற்சிக் கழகங்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

'எல்லோருக்கும் விளையாட்டு' என்னும் பக்கின் கொள்கை இன்னும் முழுமையாக நிறைவேறாத ஒன்று. தமிழகப் பள்ளிகளில் பொதுத்தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கோ அறிவியல் பாடத்துக்கோ எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். மைதானமே இல்லாத பள்ளிகளும் உள்ளன. மறுபுறம், சிவகாசி, திருத்தங்கல் போன்ற தொழில் ஊர்களில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு முறையான விளையாட்டுப் பயிற்சி கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அரசுப் பள்ளி மைதானமே. அங்கு ஓடச் சொல்லித்தருபவர் 'பி.இ.டி. சார்' என்று மாணவர்கள் அழைக்கும் உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா, அந்த வகுப்பு நடக்கிறதா என்பதைப் பொறுத்தே அக்குழந்தைக்கு விளையாட்டு கிடைக்கிறது. உடற்கல்வியைப் பாடமாகவும் அதைக் கற்பிப்பவரை ஆசிரியராகவும் நிலைநிறுத்த நடந்த முயற்சியின் பொருள் இங்கு விளங்கும்.

மறைவு

ஹாரி குரோ பக் ஜூலை 24, 1943 அன்று தன் 58-வது வயதில் மறைந்தார். 1919-ல் சென்னைக்கு வந்ததிலிருந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் இந்திய உடற்கல்விப் பணியில் இருந்தார்.

வரலாற்று இடம்

பக் தொடங்கிய கல்லூரி நூறாண்டைக் கடந்து நந்தனத்தில் இயங்கிவருகிறது. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தமிழ்நாடு அரசு 2004-ல் இயற்றிய சட்டத்தின் வழி தனிப் பல்கலைக்கழகமே உருவாக்கப்பட்டது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் செயல்படுகிறது.

இந்தியாவில் நவீன உடற்கல்வியின் முன்னோடியாக ஹாரி குரோ பக் மதிப்பிடப்படுகிறார். கட்டளைக்கு அசையும் டிரில்லை, கற்றுத்தரப்படும் விளையாட்டாக மாற்றிய இயக்கத்தில் அவர் முதன்மையானவர். பயிற்சி பெற்ற ஆசிரியரே நல்ல விளையாட்டின் அடித்தளம் என்பதை ஒரு நிறுவனத்தின் வழியாக நிறுவியவர்.